எத்தனை நாளாக?

பழைய மாணவர் சங்கத்தார் ஜுபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனக் கேட்டெழுதியிருந்தனர். விடுதியின் புட்டையும் சம்பலையும், கணித ஆசிரியரின் பிரம்பையும், கிரிக்கெட் போட்டிகளையும் பற்றி எழுத என்னிலும் வல்லார் பலர் உளர். ஆதலின், கல்லூரியை விட்டகன்ற பின்னர் ஊவா மலைகளில் வைத்தியனாகக் கழித்த காலத்திற் கண்டதொன்றை எழுதத் துணிந்தேன். பொருள் சற்றுக் கடினமானது. நம்மை நோயினின்று காக்கவென உடல் வைத்திருக்கும் படையே, வேலி பயிரை மேய்ந்தாற்போல, மூளையைத் தாக்கி அழற்சி உண்டாக்கும் நோய்க் கூட்டமொன்று உண்டு. இதனைத் தன்னெதிர்ப்பு மூளை அழற்சி எனலாம். இந்நோயை முதலிற் காண்போர் பெரும்பாலும் வைத்தியர் அல்லர். தாயும் ஆசிரியரும் அயலவருமே. ஆகையால் வைத்திய சஞ்சிகையில் எழுதுவதினும் இம்மலரில் எழுதுவது பொருந்துமென எண்ணினேன்.

1975ஆம் ஆண்டின் இறுதியில் எனக்கு ஊவாவுக்கு மாற்றம் கிடைத்தது. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த புகையிரதப் பாதை அவ்வூரோடு முடிந்துவிடுகிறது. அப்பாற் பசறைக்கும் லுணுகலைக்கும் மொனராகலைக்கும் போவோர் தெருவையே நம்புதல் வேண்டும். தோட்டத்து லயங்களுக்கோ அக்காலத்திற் பலவிடங்களில் ஒழுங்கான தெருவும் இல்லை. நோயாளியைக் கம்பளியிற் கிடத்தி நால்வர் தூக்கி வருவர். அல்லது கொழுந்து லொறியில், சாக்குகளின்மேல் இருத்திக் கொண்டுவருவர். பனையும் சமதரையும் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்த மலைச் சரிவுகள் முதலில் அழகாகத் தோன்றின. மாதமொன்று கழிவதற்குள் அவை தூரமாகத் தோன்றத் தொடங்கின.

1976ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் அவ்விதமே ஒரு கவ்வாத்துத் தொழிலாளி எங்கள் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். வயது முப்பதிருக்கும். நாய் கடித்ததற்காக வேறோரிடத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர். அக்காலத்து விசர்நாய்க்கடி ஊசியை அறிந்தவர் மறவார். கொப்பூழைச் சுற்றி வயிற்றுத் தோலின் கீழ், நாளுக்கொன்றாகப் பதினான்கு நாள் போடப்படும். பதினோராம் நாள் அவருக்குத் தலையிடியும் காய்ச்சலும் கண்டன. மறுநாட் காலையிற் கால்கள் இரண்டும் வழங்கவில்லை, சிறுநீரும் இறங்கவில்லை. பேச்சிற் சற்றுத் தடுமாற்றமும் இருந்தது.

வார்டில் இருந்தோர் அனைவரும் ஒரே முடிவுக்கு வந்தனர்: விசர் ஏறிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் தூர விலகினர். உறவினர், எப்படியும் இறக்கப் போகிறவர் லயத்தில் இறக்கட்டுமென்று கம்பளியை மீண்டும் விரித்தனர். அவர்கள் அஞ்சியதிற் பிழையில்லை. விசர்நோய் மூளைக்கு ஏறியபின் பிழைத்தவர் அரிதினும் அரிது. அந்நோய் எல்லாருக்கும் நீர்வெறுப்போடு வருவதுமில்லை. சிலருக்குக் கைகால் வழங்காமற் போவதே முதற்குறி. ஆகவே, "தண்ணீர் குடிக்கிறார், ஆதலால் விசரில்லை" என்று சொல்லித் தேறுவதற்கும் இடமில்லை.

எங்கள் பெரிய டொக்டர் மாலையில் வந்து நோயாளியை நெடுநேரம் பரிசோதித்தார். பின் என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, நாய் எங்கே? கடித்து எத்தனை நாள்?" என்று இரண்டே கேள்வி கேட்டார்.

அவ்விரண்டுக்கும் வார்டில் விடை இல்லை. மனைவி தைப்பொங்கலை அடுத்து என்றாள். தமையன் தீபாவளிக் காலத்திலென்று அடித்துச் சொன்னார். இரண்டுக்குமிடையில் இரண்டரை மாதம் உண்டு. அந்த இரண்டரை மாதத்தில் ஓர் உயிர் தொங்கிற்று. ஏனெனில் விசர்நோய், கடித்த இடத்திலிருந்து நரம்புவழியே மூளையைச் சேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும். தீபாவளியென்றால் கணக்கு விசர்நோய்க்குச் சரியாகப் பொருந்தும். பொங்கலென்றால், இரண்டு வாரமும் ஆகவில்லை.

தோட்டத்துக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தோம். அன்று தொலைபேசி எடுப்பதென்பது அரைமணி நேரத்து வேலை. கணக்கப்பிள்ளை செக்றோலை விரித்துப் படித்தார். பொங்கலுக்கு மறுநாட் காலை பிரட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பத்து மணிக்கு நாய் கடித்து, அரைப்பேரோடு நிறுத்தப்பட்டிருக்கிறார். அதற்கடுத்த நாளிலிருந்து பெயரே இல்லை. தீபாவளி மாதத்தில் ஒரு நாளேனும் தவறவில்லை. நாயைப் பற்றிக் கேட்டேன். "நாய் உசுரோட தாங்கய்யா இருக்கு. கங்காணி வீட்டு நாய். இப்பக்கூட பிரட்டுக்களத்துல படுத்திருக்கு" என்றார்.

நாய் கடித்துப் பத்து நாட் கழிந்தும் சுகமாக உயிரோடிருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் விசர்க்கிருமி இருந்ததில்லை என்பது அன்றும் இன்றும் உள்ள விதி. அப்பொழுது பதின்மூன்று நாள் கழிந்திருந்தன. ஆக, அம்மனிதருக்கு விசர் இல்லை. அவரைப் படுக்கையில் வீழ்த்தியது அவரைக் காக்கவெனப் போட்ட ஊசி.

இதனைத் துணிவது ஏன் அவ்வளவு இன்றியமையாதது என்பதையும் சொல்ல வேண்டும். விசர்நோய் என்று எண்ணினால், ஊசியைத் தொடரவே மனம் ஏவும். ஊசியால் வந்த அழற்சி என்று கண்டால், அதை அக்கணமே நிறுத்தவேண்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுக்கவேண்டும். ஒன்றுக்குரிய வைத்தியம் மற்றதற்கு நஞ்சு. பெரிய டொக்டர் ஊசியை நிறுத்தினார், ஸ்டீரொயிட்டைத் தொடங்கினார், சிறுநீர்க் குழாயும், முதுகுப் புண் வாராது இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கும் தாதியருமாக ஆறு வாரம் கழிந்தன. சித்திரையில் அவர் கோலூன்றி நடந்து வெளியேறினார். பின் சில காலம் கொழுந்து மடுவத்தில் இலகு வேலை செய்தாரென அறிந்தேன்.

அந்த ஊசியில் இருந்தது என்ன? இதைக் கேட்டால் இக்காலத்து மாணவர் வியப்பர். 1885ஆம் ஆண்டு ஆடி மாதத்திற் பாரிசில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக விசர்நாய்க்கடிக்கு மருந்தேற்றினார். அது முயலின் முள்ளந்தண்டு வடத்தை உலர்த்திச் செய்யப்பட்டது. 1911இல் இந்தியாவிற் கசௌலி என்னும் மலையூரில் டேவிட் செம்பிள் என்பார் அம்முறையை எளிதாக்கினார். விசர்க்கிருமி ஏற்றிய விலங்கின் மூளையை அரைத்து, பீனோல் சேர்த்துக் கிருமியைக் கொன்று கொடுப்பது. செம்மறியாட்டின் மூளையே பெரிதும் பயன்பட்டது. இம்மருந்து ஆசிய நாடுகளெங்கும் பரவிற்று. நமது தோட்டங்களைப் போலவே தேயிலை சூழ்ந்த நீலகிரிக் குன்னூரில் 1907இல் நிறுவப்பெற்ற பாஸ்டர் நிலையமும் இவ்வகை மருந்தைப் பல்லாண்டு செய்து கொடுத்தது. எத்தனையோ இலட்சம் பேரை இம்மருந்து காப்பாற்றியதென்பதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

ஆயினும் ஆட்டு மூளையும் மனித மூளையும் பெரும்பகுதி ஒரே சரக்கு. நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மயலின் என்னும் கொழுப்புறை இரண்டிலும் உண்டு. பதினான்கு நாள் தொடர்ந்து ஆட்டு மயலினைத் தோலின் கீழ்ச் செலுத்தினால், சிலருடைய காவற்படை அதனைப் பகையெனக் கற்றுக்கொள்கிறது. கற்ற பாடத்தைத் தன் சொந்த மூளையிலும் முள்ளந்தண்டிலும் ஒப்புவிக்கிறது. சில நூறு பேருக்கொருவர் முதற் பல்லாயிரம் பேருக்கொருவர் வரை, நாட்டுக்கு நாடு வேறுபட்டு, இவ்விபத்து நிகழ்ந்தது. 1933இல் அமெரிக்காவில் தோமஸ் றிவர்ஸ் என்பாரும் உடனாய்வாளரும் குரங்குகளுக்கு முயல் மூளைச் சாற்றை மீண்டும் மீண்டும் ஏற்றி, கிருமி எதுவுமின்றியே மூளை அழற்சியை உண்டாக்கிக் காட்டினர். தன்னெதிர்ப்பு மூளை அழற்சியைப் பற்றிய ஆராய்ச்சி அனைத்துக்கும் அதுவே தாய்வீடு எனலாம். விசர்நாய்க்கடி ஊசி தந்த துன்பத்திலிருந்தே ஒரு விஞ்ஞானம் பிறந்தது. 1950களிற் சிலி நாட்டார் பிறந்த சில நாளேயான எலிக்குஞ்சின் மூளையிலிருந்து மருந்து செய்தனர். குஞ்சின் மூளையில் மயலின் மிகக் குறைவு என்பதே அந்த உபாயம். பின்னர்க் கல வளர்ப்பில் உண்டாக்கிய, மூளையே கலவாத மருந்து வந்தது. இலங்கையில் 1990களின் நடுப்பகுதியோடு செம்பிள் ஊசி கைவிடப்பட்டது. இந்தியாவில் 2004இன் இறுதியில். இன்று நாய் கடித்தவர் அஞ்சாது ஊசி போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ளவும் வேண்டும். பழைய கதையைக் கேட்டு எவரேனும் ஊசிக்குப் போகாதிருந்தால் இக்கட்டுரை பெருங்கேடு செய்ததாகும்.

ஊசி போயிற்று, நோய் போகவில்லை. ஊசியின் துணையின்றியே அதே வேலி அதே பயிரை மேய்வதுண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று.

2007இல் அமெரிக்காவிற் பிலடெல்பியா நகரிலிருந்து ஜோசப் டல்மாவ் என்னும் நரம்பியலறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பன்னிரண்டு பெண்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். எல்லாரும் திடீரெனச் சித்தம் கலங்கி, வலிப்புக் கண்டு, மூச்சும் தளர்ந்து வீழ்ந்தவர்கள். அவர்களுடைய குருதியிலும் முள்ளந்தண்டு நீரிலும் ஒரு பிறபொருளெதிரி காணப்பட்டது. மூளைக் கலங்கள் ஒன்றோடொன்று செய்தி பேசுவதற்கு வேண்டிய என்.எம்.டி.ஏ. வாங்கி என்னும் புரதத்தை அது பற்றிக்கொண்டு, கலத்தின் மேற்பரப்பிலிருந்து மறையச் செய்துவிடுகிறது. அப்பெண்களின் சூலகத்திலோ நெஞ்சகத்திலோ டெரட்டோமா என்னும் கட்டி இருந்தது. இக்கட்டி விசித்திரமானது, உள்ளே மயிரும் பல்லும், சில வேளை நரம்பிழையமும் வளரும். அந்த நரம்பிழையத்தைக் கண்ட காவற்படை அதனை எதிர்க்கப் புறப்பட்டு, மூளையையும் சேர்த்து எதிர்க்கிறது. ஆட்டு மூளையை ஏற்றிய ஊசியின் வேலையை இங்கு உடலுக்குள்ளேயே வளர்ந்த கட்டி செய்கிறது என்றால் மாணவத் தம்பிமாருக்கு எளிதில் விளங்கும். கட்டி இல்லாமலும் இந்நோய் வரும். ஆண்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் வரும். ஹேர்ப்பிஸ் கிருமியால் வந்த மூளைக்காய்ச்சல் ஆறிச் சில வாரத்தின் பின், அதனைத் தொடர்ந்தும் வருவதுண்டு.

அந்த ஆய்வை நான் வாசித்தது ஓய்வுபெற்ற பின்னரே. பண்டாரவளையிற் சிறு வீடொன்றில் தங்கி, வருவோர்க்கு இயன்றது சொல்லிக்கொண்டிருந்தேன். 2016ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னர் என்னோடு வைத்தியசாலையில் வேலை செய்த ஊழியரொருவர் தம் மருமகளைப் பற்றிப் பேச வந்தார். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டம். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் தோட்டத்து முன்பள்ளியிற் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்தவள். இரண்டு மூன்று நாட் காய்ச்சலும் தலையிடியும். அதன்பின் உறக்கம் போயிற்று. காரணமின்றிச் சிரித்தாள், அழுதாள், தேயிலைச் செடிகள் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன என்றாள். தாயை யாரென்று கேட்டாள். ரோதைமுனியின் எல்லையில் ஈரத்தலையோடு நடந்ததால் வந்த குற்றமெனக் கோடாங்கி உடுக்கடித்துச் சொன்னார். கோழி கொடுத்தார்கள். பின்னர் ஓரிடத்திற் சித்தப்பிரமைக்கென மருந்து கொடுத்தார்கள். அம்மருந்துக்குப்பின் உடம்பு மரக்கட்டையாய் விறைத்தது. எவ்விடமென்பது இங்கு வேண்டியதில்லை. எவ்விடத்திலும் நடக்கக்கூடியதே.

"எத்தனை நாளாக?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம், ரெண்டு மாசம் இருக்குங்கய்யா" என்றவர், நான் விடாது கேட்கவே முன்பள்ளிப் பொறுப்பாளரை அழைத்துப் பேசினார். அவரிடம் வரவுப் புத்தகம் இருந்தது. அவள் கடைசியாகக் கையொப்பமிட்ட நாளிலிருந்து இருபத்துமூன்று நாள். அதற்கு முந்திய மாதங்களில் ஒருநாளும் தவறவில்லை; பிள்ளைகளின் விளையாட்டு விழாவை அவளே முன்னின்று நடத்தியிருக்கிறாள்.

பைத்தியம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் மனநோய்கள் பெரும்பாலும் மெல்ல வருவன. திரும்பிப் பார்த்தால் ஆறுமாதம், ஒரு வருடமாகவே பிள்ளை ஒதுங்கியும் ஒடுங்கியும் வந்ததாகத் தாய் நினைவுகூர்வாள். நேற்றுவரை கணக்கு வழக்கெல்லாம் சரியாகப் பார்த்த பெண் மூன்று வாரத்தில் முற்றும் மாறினாளென்றால், அது வேறு வரலாறு. அவளுடைய வாயைப் பற்றிக் கேட்டேன். மாமனார் சற்றுத் தயங்கி, வெற்றிலை மெல்லுவதுபோல வெறுவாயை மென்றுகொண்டேயிருக்கிறாள், உதட்டைக் கோணுகிறாள், அதைத்தான் கோடாங்கி முனியின் அடையாளமென்றார் என்றார். முந்தின இரவு வலிப்பும் வந்ததாம். அன்றைக்கே பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னேன். நாளும் குறியும் குறித்து ஒரு கடிதமும் கொடுத்தேன்.

அங்கே இருந்த வைத்தியர்கள் வயதில் எனக்குப் பேரப்பிள்ளைகள், அறிவில் அப்படியல்லர். கடிதத்தை வாசித்த மாத்திரத்திலேயே பொருளை உணர்ந்தனர். மூளையின் படம் பழுதின்றி இருந்தது. இந்நோயிற் பாதிப்பேருக்கு மேல் எம்.ஆர்.ஐ. படமும் அவ்வாறே சுத்தமாக இருக்கும், அதைக் கண்டு ஏமாறலாகாது. முள்ளந்தண்டு நீரில் வெண்கலங்கள் கூடியிருந்தன. மூளை மின்னலைப் பதிவு மந்தமாய் இருந்தது. ஹேர்ப்பிஸ் கிருமியாகவும் இருக்கலாமாதலால் அதற்குரிய அசைக்குளோவிர் மருந்தை உடனே தொடங்கினர். ஊவாவின் வடக்கே, மகியங்கனைச் சமவெளியின் வயற்புறங்களிலிருந்து வருவோரிடம் யப்பானிய மூளைக்காய்ச்சலையும் நினைத்தாக வேண்டும். 1980களின் நடுவில் அநுராதபுரத்துப் பக்கம் அது செய்த நாசம் என் வயதினருக்கு நினைவிருக்கும். இவ்வாறு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதுதான் இந்நோயை அறியும் வழி. 2016ஆம் ஆண்டிலேயே பல நாட்டு நரம்பியலறிஞர் கூடி இதற்கென ஓர் ஒழுங்கை வெளியிட்டனர். நினைவோ சித்தமோ மூன்று மாதத்துக்குள் விரைந்து மாறியிருத்தல். அதனோடு புதிய வலிப்பு, முள்ளந்தண்டு நீரில் வெண்கலம், படத்தில் மாற்றம் போன்ற ஏதேனும் ஒரு சான்று. வேறு காரணம் இன்மை. இவ்வளவு இருந்தால், பிறபொருளெதிரிச் சோதனையின் விடை வரும்வரை காத்திராது வைத்தியத்தைத் தொடங்கலாம் என்பதே அதன் சாரம். சோதனைக்குக் குருதியோடு முள்ளந்தண்டு நீரையும் அனுப்புதல் நலம்; குருதியில் மாத்திரம் தேடினாற் சிலருடைய நோய் தப்பிவிடும்.

அவளுக்கும் காத்திராதே தொடங்கினர். மெதைல்பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீரொயிட் நாளொன்றுக்கு ஒரு கிராம் வீதம் ஐந்து நாள் நாளத்தின் வழியே செலுத்தப்பட்டது. ஆயினும் இரண்டாம் வாரத்தில் நாடி ஒரு நேரம் நூற்றைம்பதுக்கு ஓடும், ஒரு நேரம் நாற்பதுக்கு வீழும், மூச்சும் தளர்ந்தது. கொழும்புக்கு மாற்றினர். அங்கே செயற்கைச் சுவாசத்தில் வைத்து, குருதியை வெளியே எடுத்து அதிலுள்ள தீய எதிரிகளைக் குருதிநீரோடு நீக்கித் திருப்பி ஏற்றினர். சூலகத்தில் நெல்லிக்காயளவு கட்டியொன்று தென்பட்டது. சத்திர வைத்தியர் அதை அகற்றினர். சோதனையின் விடை, அஃது என்.எம்.டி.ஏ. வாங்கிக்கு எதிரானதென, அறுவை முடிந்த பின்னரே வந்தது.

தாய் வார்டு வாசலில் மூன்றரை மாதம் கிடந்தாள். தோட்டத்திற் பேர் விழாத நாட்களென்றால் அடுப்பெரியாத நாட்கள். லயத்தார் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து அனுப்பினர். சிங்களம் அறியாத அவளுக்குச் சிங்களத் தாதியொருத்தி "அம்மே, அம்மே" என்று அழைத்துத் தேநீரிற் பாதி கொடுப்பாளாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாதின் குரல் தளர்ந்துவிடும். பிள்ளை எப்பொழுது கண் திறப்பாளென்று கேட்டால் எவரும் நாட் சொல்லவில்லை. சொல்லவும் இயலாது. இந்நோய் வந்த வேகத்திற் போவதில்லை. வந்த வழியே, கடைசியில் வந்தது முதலிற் போக, மெல்ல மெல்லத் திரும்பும். முதலில் மூச்சு, பின் கண், பின் கை. பேச்சு பின்னர் வந்தது. முதற் பேச்சு பேச்சன்று; முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் எண்வரிசையை ஒன்றிலிருந்து முணுமுணுத்தாள். ஏழோடு நின்றுவிட்டது. மறுவாரம் இருபது வரை போயிற்று.

2013இல் வெளிவந்த பேராய்வொன்று 577 நோயாளரின் வரலாற்றைத் தொகுத்தது. வைத்தியம் பெற்றுத் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஐந்தில் நால்வர் இரண்டாண்டில் தம் காரியத்தைத் தாமே பார்க்கும் நிலைக்கு வந்தனர். பதினெட்டு மாதம் வரையும் முன்னேற்றம் தொடர்ந்தது. விரைந்து வைத்தியம் தொடங்கியோர் நன்கு தேறினர். முதல் மருந்துகளுக்கு இணங்காதோர்க்கு ரிட்டுக்ஸிமாப், சைக்குளோபொஸ்பமைட் என்னும் வலிய மருந்துகள் உள. ஸ்டீரொயிட்டோடு இம்யூனோகுளொபுலின் என்னும் விலை மிகுந்த குருதிப் புரதத்தைக் கொடுப்பதும் உண்டு. நோய் மீண்டும் வருவது இரண்டாண்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கென அதே ஆய்வு கூறிற்று.

இதே கூட்டத்தில் முதியோரைப் பற்றும் ஒரு வகையும் உண்டு; அதனைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வுபெற்ற ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கையிலிருந்து நழுவவிடுகிறார். உற்றுப் பார்த்தால், முகத்தின் ஒரு புறமும் அப்பக்கத்துக் கையும் கணநேரம் வெட்டியிழுக்கின்றன. நாளொன்றுக்குப் பல பத்து முறை. சில வாரத்தில் நினைவு தடுமாறுகிறது. குருதியில் உப்பும் குறைகிறது. வயதின் மறதியென்று வீட்டார் விட்டுவிடுவர். எல்.ஜி.ஐ. ஒன்று என்னும் புரதத்துக்கெதிரான பிறபொருளெதிரியால் இது வருவது. ஸ்டீரொயிட்டுக்கு நன்றாக இணங்குவது. நம் பழைய மாணவர் பலர் இவ்வயதினராகையாற் சொல்லி வைத்தேன்.

கோடாங்கியைப் பற்றி என் நண்பர் சிலர் சினந்து பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவு இரண்டு மணிக்கு லயத்துக் காம்பிராவிற் பெண்ணொருத்தி அலறும்போது, கூப்பிட்ட குரலுக்கு வருபவர் அவர் ஒருவரே. நாங்கள் இருபது மைலுக்கப்பால் உறங்குகிறோம். அவளுடைய தோட்டத்துக் கோடாங்கியை நான் பின்னர் நேரிற் கண்டு, வாய் மெல்லுவதையும், கை எடுத்த இடத்திலே நிற்பதையும், உறக்கமற்றிருப்பதையும், வலிப்பையும், நாட் கணக்கையும் எடுத்துச் சொன்னேன். மனிதர் கூரிய அறிவினர். கண்டதையெல்லாம் என்னிலும் நுட்பமாக வருணித்தார். "அப்ப மொதல்ல பெரியாஸ்பத்திரி, உடுக்கு பொறகு அடிச்சிக்கலாம், அப்படித்தானேங்கய்யா?" என்றார். அப்படித்தான் என்றேன். அதன்பின் இரு குடும்பங்களை அவரே முதலில் வைத்தியசாலைக்கு அனுப்பியதாக அறிந்தேன். ஒருவருக்கு இந்நோய் இல்லை, வேறு நோய். மற்றவருக்குக் கள்ளச் சாராயம்.

ஆசிரியர்களாகிய நண்பர்களுக்கு வேறொன்று. வகுப்பிற் கெட்டிக்காரப் பிள்ளை ஒரு தவணைக்குள்ளன்றி ஒரு மாதத்துக்குள் மாறி, எழுத்துக் கோணி, சொல் குழறி, காரணமின்றி வெகுண்டானென்றால், காதலென்றும் போதையென்றும் பரீட்சைப் பயமென்றும் ஊர் பல சொல்லும். அவற்றுள் ஒன்று உண்மையாகவும் இருக்கலாம். ஆனாலும் வரவுப் புத்தகத்தையும் பயிற்சிக் கொப்பியையும் எடுத்துப் பாருங்கள். மாற்றம் எந்தக் கிழமையில் தொடங்கிற்றென்று அவை சொல்லும். அந்தத் தேதியைப் பெற்றோரிடம் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வைத்தியருக்கு அதனிலும் பெறுமதியான சீட்டு வேறில்லை.

அப்பெண் ஓராண்டின் பின் முன்பள்ளிக்குத் திரும்பினாள். நோயுற்ற வாரங்களில் நிகழ்ந்தது ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. தேயிலைச் செடி பேசிய கதையை மற்றவர் சொல்லக் கேட்டு நாணுகிறாள். மீண்டும் வருமோவென்று தாய் கேட்டபோது, நூற்றில் பன்னிரண்டென்று கணக்குச் சொல்ல மனம் வரவில்லை. வந்தால் எத்தனை நாளில் வருவீர்களென்று திருப்பிக் கேட்டேன். "அன்னைக்கேங்கய்யா" என்றாள். ஆறுமாதத்துக்கொரு முறை பதுளைக்குச் சென்று சூலகத்தைப் படம்பிடித்துப் பார்த்து வருகிறார்கள். நோயின் பெயரை ஒரு சீட்டிற் கேட்டார்கள்; தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தேன். அதைக் கண்ணாடித் தாளிற் பொதிந்து, அடையாள அட்டையோடு சேர்த்துத் தாய் தன் கொழுந்துக்கூடைக்காரச் சேலையின் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்.